முப்பது அம்பியரில் ஒரு குடித்தனம்

படகுகளில் கரண்ட் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு: யாருடைய வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும், இருக்கச் சொல்வதற்கு முன்னரே சுவரில் எத்தனை பிளக் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு கொடுத்துவைத்தவர்கள், அது தெரியாமல் சோபாவின் நிறத்துக்குச் சண்டை பிடிக்கிறார்களே என்று ஒரு பெருமூச்சும் விடுவோம்.

நீங்களும் இந்த வருத்தம் அறிந்தவர்கள்தான். காலையில் அவசரத்துக்குக் கெற்றிலையும் மைக்ரோவேவையும் ஒன்றாகப் போட்டு, எல்லாம் பொத்தென்று நின்று, பிரேக்கர் பெட்டி எந்த அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறதென்று தடவித் திரிந்தவர்கள் எல்லாரும் என் சொந்தக்காரர்கள். கனடாவில், ஸ்காபரோவில் பேஸ்மென்ற் என்ற நிலவறையில் குடியிருந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மேலே வீட்டுக்காரர் உடுப்புக் காயவைக்கும் டிரையரைப் போட்டால் கீழே எங்கள் லைட் மங்கும்.

என் பெயர் ஜெயந்தி. ஊர் மட்டக்களப்பு. டெரெக் என்ற நியூஃபவுண்ட்லாண்ட்காரரோடு சேர்ந்து ஏரிக்கரைப் படகுத்துறைகளில் இந்த வேலை செய்கிறேன். இரண்டு பேரும் தண்ணீருக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். கடுங்குளிருக்குப் பக்கத்தில் பிறந்தவர் அவர் மட்டும். எத்தனையோ படகுகளுக்குக் கம்பி இழுத்திருக்கிறோம். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கு அலுக்காதது சந்திரா அக்காவின் படகுக் கதைதான்.

மண்ணும் தண்ணியும்

ஒரு வசந்தகாலத்தில் போன் வந்தது. "படகுக்குக் கரண்ட் போடுற தமிழ்ப் பிள்ளை நீர்தானே?" என்று ஒரு பெண் குரல். யாரோ பிறந்தநாள் பார்ட்டிக்குப் படகு பிடித்து, கலர் லைட் போடக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். விலை சொல்லத் தொடங்கினேன். "பார்ட்டிக்கு இல்லைப் பிள்ளை, குடியிருக்க" என்றார். அப்படித்தான் சந்திரா அக்கா எனக்கு அறிமுகமானார். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், திருகோணமலைக்காரர். அவரும் கணவர் கனகு அண்ணையும் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தார்கள். மகள் ஆரணி பிக்கரிங்கில் புதுவீடு வாங்கி, பேஸ்மென்ற்றில் தாய் தகப்பனுக்கென்று ஒரு அறை கட்டி, கட்டிலும் போட்டு வைத்திருந்தாள். தாய் தகப்பன் அந்தக் கட்டிலில் ஒருநாள்கூடப் படுக்காமல் படகு வாங்கிவிட்டார்கள்.

ஸ்காபரோவின் மண்மலைகளுக்குக் கீழே ஏரிக்கரையில் கட்டி நின்ற அந்தப் படகைப் போய்ப் பார்த்தேன். ஒரு ஆங்கிலேயர் தன் நாட்டுக் கால்வாய்களில் ஓடும் படகைப்போலவே இங்கே இரும்பில் செய்வித்தது. நீளமும் ஒடுக்கமுமாக, உள்ளே நடந்தால் பஸ்ஸுக்குள் நடப்பதுபோல இருந்தது. குளிர்காலத்துக்கு இந்தத் துறை, கோடைக்கு லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் ட்ரென்ற் கால்வாய், இதுதான் திட்டம் என்றார் அக்கா. கனகு அண்ணை யன்னல் ஒன்றைத் திறப்பதும் பூட்டுவதுமாக நின்றார்.

பேஸ்மென்ற் பிடிக்காமல் இங்கே வருகிறவரிடம் உண்மையை மறைக்கக்கூடாது என்று நினைத்து, "அக்கா, இந்தப் படகின்ர தரையும் தண்ணி மட்டத்துக்குக் கீழைதான்" என்றேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தண்ணிக்குக் கீழை இருக்கிறது வேறை, மண்ணுக்குக் கீழை இருக்கிறது வேறை. செத்தாப் பிறகுகூட நான் மண்ணுக்குக் கீழை போகத் தேவையில்லை. எங்கட ஆக்களை எரிக்கிறதுதானே."

ஒரு வான் நிறையச் சாமான்

அடுத்த கிழமை கனகு அண்ணை ஒரு வானைக் கொண்டுவந்து துறையில் நிறுத்தி, கதவைத் திறந்தார். ரைஸ் குக்கர், கெற்றில், மிக்சி, கிரைண்டர், ரோஸ்ரர் ஓவன், இண்டக்சன் அடுப்பு, ஸ்திரிப்பெட்டி, தலை காயவைக்கும் மெஷின், இரண்டு ஹீற்றர், ஆரணி அன்னையர் தினத்துக்குக் கொடுத்த எயர் ஃபிரையர். இறக்கி முடிக்கும்போது மரப்பாதையில் நடக்க இடமில்லை. பக்கத்துப் படகுக்காரர் தன் நாயைக் கையில் தூக்கிக்கொண்டு தாண்டிப் போனார்.

படகுக்குக் கரை ஓரத்துக் கம்பத்திலிருந்து ஒரே ஒரு மஞ்சள் வயர்தான் வரும். அது முப்பது அம்பியருக்குமேல் தராது. கெற்றில் ஒன்று கொதிக்கத் தொடங்கினால் அதில் பாதிக்குக் கிட்டப் போய்விடும். ஹீற்றர் ஒன்று இன்னொரு பாதி. மிச்சத்தில் ரைஸ் குக்கர் போட்டால் பிரேக்கர் விழும். இதை நான் சொன்னதும் அக்கா தலையாட்டினார். ஆனால் நம்பவில்லை. சாமான்களை இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறை பிரேக்கர் விழும்போதும் கனகு அண்ணை முறைப்பாடில்லாமல் கம்பம் வரை நடந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்தார். பின்னேரம் முழுக்க இதே வேலை. நான் இடையில் போய் வேறு ஒரு படகில் பம்ப் திருத்திவிட்டு வந்தேன், அப்போதும் நடக்கிறது.

திரும்பி வந்தபோது சாமான்கள் இரண்டு குவியலாகியிருந்தன. சமையல் காஸ் அடுப்பில், தேத்தண்ணீரும் அதில்தான், சோறும் பானையில்தான் என்று முடிவாகியிருந்தது. படகைச் சூடாக்க டீசல் ஹீற்றர். கரண்டுக்கு ஃபிரிட்ஜ், லைட், தண்ணீர் பம்ப், மிக்சி, கிரைண்டர். இவ்வளவு திடமாக முடிவெடுத்த வாடிக்கையாளரை நான் அதற்கு முன் கண்டதில்லை. கழித்த குவியலை வானில் ஏற்றச் சொல்லிவிட்டு அக்கா கைகளைத் தட்டிக்கொண்டார். "ஆரணி எனக்கெண்டு கட்டின அறை சும்மா கிடக்கக்கூடாதுதானே. இதுகள் போய் இருக்கட்டும்."

கிரைண்டர்

மிக்சி சரி, கிரைண்டரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நானும் டெரெக்கும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். துறையில் நிற்கும்வரை பிரச்சினையில்லை. கால்வாயில் போகும்போது கரையில் கம்பம் இருக்காது. கூரையில் சோலார், உள்ளே பற்றரி, பற்றரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்ற இன்வேற்றர் என்ற பெட்டி. கனகு அண்ணை யாரோ சொன்னார்களென்று மலிவான இன்வேற்றர் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். அதில் லைட் எரிந்தது, ரீவி ஓடியது. கிரைண்டரைப் போட்டால் கல் அசையவில்லை. 'ம்ம்' என்று ஒரு முனகல், பிறகு மோட்டர் சூடேறும் மணம். மலிவுப் பெட்டிகள் தரும் கரண்ட் கரடுமுரடானது. லைட் பொறுத்துக்கொள்ளும், மோட்டர் பொறுக்காது; அதற்கு விலைகூடிய நல்ல இன்வேற்றர் வேண்டும்.

டெரெக்குக்கு இந்த யந்திரம் என்னவென்றே விளங்கவில்லை. கல்லைச் சுற்றவா இவ்வளவு செலவு, அரைத்த மா கடையில் வாங்கலாம் என்று நீர்தானே சொன்னீர் என்று என்னைக் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சாப்பிட வாங்கோ என்று மட்டும் சொன்னார்.

டோர்செட் பார்க் அப்பார்ட்மென்ற்றில், படகிலிருந்து திருப்பிக் கொண்டுபோன அந்தக் கிரைண்டரில் அரைத்த மாவில் அக்கா தோசை வார்க்க வார்க்க டெரெக் சாப்பிட்டார். சம்பல் உறைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிய எழும்பிப்போய் கிரைண்டரைக் குனிந்து பார்த்தார், அடியில் ஒட்டியிருந்த மோட்டர் விபரத்தை வாசித்தார், மூடியைத் திறந்து கல்லைக் கையால் சுற்றிப் பார்த்தார். காருக்குள் ஏறி, பெல்ற்றைப் போட்ட பிறகுதான் சொன்னார்: "ஜெயந்தி, நல்ல இன்வேற்றரையே போடுவோம். அந்தக் கிரைண்டர் சமையல் சாமான் இல்லை, படகுக்குச் சட்டப்படி வேண்டிய பாதுகாப்புச் சாமான்."

மூச்சு மெஷின்

வேலை முக்கால்வாசி முடிந்த பிறகுதான் எனக்கு ஒரு விசயம் தெரியவந்தது. கனகு அண்ணைக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று வருகிற வருத்தம் இருக்கிறது. இரவில் முகத்தில் மூடி போட்டு, காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்றோடுதான் படுக்கவேண்டும். அதைச் சொன்னது அவரும் இல்லை, அக்காவும் இல்லை. ஆரணி. இலையுதிர்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்த கையோடு, ஒஃபிஸ் சப்பாத்தோடு மரப்பாதையில் நடந்து வந்தாள். என்னைப் பார்த்துக் கோபமாகக் கதைக்கவில்லை. "அக்கா, பவர் போனா அப்பான்ர மெஷினுக்கு வட் ஹாப்பன்ஸ்? அம்மாவுக்குச் சொன்ன மாதிரி இல்லாமல், எனக்கு எக்ஸாக்ட்டா சொல்லுங்கோ" என்றாள். ஒருமுறை மாடிக் கட்டடத்தில் கரண்ட் போனபோது தகப்பன் மூச்சுக்குத் திணறி எழும்பியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லும்போது தாயின் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்குச் சமாதானம் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது என்று பட்டது. மெஷினுக்கு இன்வேற்றர் வழியாக இல்லாமல் பற்றரியிலிருந்தே தனியாக ஒரு வயர் இழுத்தேன். படகில் வேறு எது பழுதானாலும் அது ஓடும். அந்த மெஷினில் காற்றை ஈரமாக்க ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதைச் சூடாக்கத்தான் கரண்ட் நிறையப் போகும், காற்றுத் தள்ளுவதற்குக் கொஞ்சம்தான். அடுத்த சனிக்கிழமை ஆரணி முன்னிலையில் கரை வயரைக் கழற்றினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கனகு அண்ணை மூடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தார். நாங்கள் மூன்று பெண்களும் பற்றரி மீற்றரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பின்னேரம் மீற்றர் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. அண்ணை எழும்பி, மூடியைக் கழற்றி, "நித்திரை கொண்டு காட்டினதுக்கு எனக்குச் சம்பளம் இருக்கோ தங்கச்சி?" என்று கேட்டார்.

ஆரணி சிரிக்கவில்லை. ஆனால் அந்த வயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்: "ஓகே அம்மா. ஒரு வின்ரர் இருந்து பாருங்கோ. ஒரு நைற் அப்பான்ர மெஷின் நிண்டாலும் நான் வானோட வருவன், ரெண்டு பேரும் ஏறோணும்."

அரிசி

மார்கழி பிறந்ததும் துறையில் மிஞ்சியிருக்கும் படகுகளைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கால் போர்த்துவார்கள். தூரத்தில் பார்த்தால் தக்காளிப் பந்தல்கள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். வெயில் வந்தால் உள்ளே சட்டை மட்டும் போட்டுக்கொண்டு தளத்தில் இருக்கலாம். அக்காவின் படகும் போர்த்தாகிவிட்டது, தளத்தில் உடுப்பும் காயப்போட்டிருந்தார். எல்லாம் நல்லாய்ப் போகிறதென்று நான் நினைத்திருக்க, போன் வந்தது. கரை வயர் போட்டபடியே இருக்கிறது, ஆனால் பற்றரி ஏறவில்லையாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதாம்.

போய்ப் பார்த்தேன். லித்தியம் பற்றரிக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் உறையும் குளிரில் கரண்ட் தரும், ஆனால் வாங்காது. வாங்கினால் பழுதாகிவிடும் என்று தானே கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால்தான் நான் முதலில் கட்டிலுக்குக் கீழே வைக்கக் கேட்டிருந்தேன். அக்கா அந்த இடம் சிவப்பரிசி மூட்டைகளுக்கு என்று சொல்லிவிட்டார். சரி, பின்பக்க எஞ்சின் அறையிலேயே வைத்துப் பார்ப்போம், சுற்றிக் குளிர்தடுக்கும் போர்வைத் தகடும் அடிக்கிறோமே என்று நானும் ஒத்துக்கொண்டேன். போர்வைத் தகடு கனடாக் குளிருக்குப் போதவில்லை.

அக்கா எஞ்சின் அறைக் கதவுக்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஆரணியின் நிபந்தனை அவர் மனதில் ஓடியிருக்கவேண்டும். பிறகு சேலைத் தலைப்பைச் செருகுவதுபோல ஜாக்கெற் சிப்பை மேலே இழுத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே தவழ்ந்துபோய் மூட்டைகளைத் தானே இழுத்து வெளியில் போட்டார். நானும் அவரும் பற்றரியைச் சுமந்துவந்து அங்கே வைத்து, வயர் மாற்றி முடிக்க இருட்டிவிட்டது. கொஞ்சம் சூடானதும் மீற்றர் மெல்ல ஏறத் தொடங்கியது. கனகு அண்ணை மூட்டைகளை எஞ்சின் அறையில் அடுக்கிவிட்டு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு நாளும் சூட்டிலை படுத்தது அரிசி, குளிரிலை படுத்தது பற்றரி. இந்தப் படகிலை ஆருக்கு மரியாதை எண்டு பாருங்கோ."

ஐஸ் மழை

மாசி மாதத்தில் ஒருநாள் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து கம்பிகளில் விழுந்தன. நகரத்தின் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் இருட்டு. படகுத்துறையில் விடியமுதலே கரண்ட் இல்லை என்று தெரிந்தும், தெருக்கள் இருந்த நிலையில் மத்தியானத்துக்குப் பிறகுதான் என்னால் போக முடிந்தது. மலையடிவாரத்துக்கு இறங்கும் தெருவில் காரை மேலே விட்டுவிட்டு, வேலியைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். கரண்ட் ஹீற்றரை நம்பியிருந்த படகுக்காரர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு எனக்கு எதிரே ஏறி வந்தார்கள்.

அக்காவின் படகில் டீசல் ஹீற்றர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் விசிறிக்கும் பற்றரிதான், மெஷினுக்கும் பற்றரிதான். சோலார் பலகையில் ஐஸ், எஞ்சினைக் குளிர்காலத்துக்கென்று பூட்டி வைத்திருந்தோம். அதனால் இருக்கிற கரண்டைத் தவிர வேறு வராது. நான் கணக்குப் போடத் தொடங்கமுன் அக்கா போட்டு முடித்திருந்தார். ஃபிரிட்ஜை நிறுத்தி, மீனையும் பாலையும் பெட்டியில் போட்டு வெளியே தளத்தில் வைத்திருந்தார். ஒரே ஒரு லைட். மெஷினின் தண்ணீர்த் தொட்டிக்குக் கரண்ட் கிடையாது, பதிலாகக் காஸ் அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் மெல்லக் கொதித்துக் காற்றை ஈரமாக்கிக்கொண்டிருந்தது. இரண்டு இரவுக்குத் தாங்கும் என்று நான் சொன்னேன். மூன்றாவது இரவைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்போதுதான் மரப்பாதையில் சத்தம் கேட்டது. ஆரணி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையிலும் இரண்டு சின்ன மகள்மார், தோளில் பை. வானை மேலே விட்டுவிட்டு அந்த வழுக்கல் தெருவில் பிள்ளைகளோடு இறங்கியிருக்கிறாள். அக்கா எழும்பிப்போய்ப் படகு வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "மெஷின் நிக்கேல்லை" என்றார், அவள் வாய் திறக்கமுன்னரே. ஆரணி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூத்த பிள்ளைதான் சொன்னாள், வீட்டில் ஹீற் இல்லை, ரொயிலற் சீற்கூட ஐஸ் என்று. பிக்கரிங்கிலும் காலையிலிருந்து கரண்ட் இல்லை, புருசன் வேலை விசயமாக வெளியூரில். அக்கா வாசலை விட்டு விலகினார். பிள்ளைகள் பாட்டா கனகு அண்ணையின் போர்வைக்குள் நேரே புகுந்துகொண்டார்கள்.

கரண்ட் அடுத்தநாள் பின்னேரம்தான் வந்தது. அதுவரை ஐந்து பேரும் அந்த ஒடுக்கமான படகில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, கருவாட்டுக் குழம்பும் சோறும் சாப்பிட்டிருக்கிறார்கள். மெஷின் நிற்கவில்லை. ஒரு கிழமை கழித்து, அங்கே தங்கியது எப்படி இருந்தது என்று ஆரணியிடம் போனில் கேட்டேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னாள்: "நான் தங்க வரேல்லை அக்கா. போனை சார்ஜ் பண்ண வந்தனான்."

மரநிழல்

கோடையில் படகு லொறி ஏறிக் கால்வாய்க்குப் போனது. பீற்றர்பரோவைத் தாண்டி ஒரு இடத்தில் நிற்கிறோம், ஃபிரிட்ஜ் அடிக்கடி நிற்கிறது என்று அக்கா போன் எடுத்தார். டெரெக் வேறு வேலையில் இருந்ததால் நான் தனியாகக் காரில் போனேன். தூரத்திலேயே காரணம் தெரிந்தது. கரையோரம் நல்ல அடர்ந்த மேப்பிள் மரங்கள், அவற்றின் நிழலில் படகு சுகமாகக் கிடந்தது. கூரையில் உள்ள சோலார் பலகைகளில் வெயில் ஒரு கைக்குட்டை அளவுதான் விழுந்தது. அக்கா படகில் இல்லை, நடந்துபோய் ஐஸ்கட்டி வாங்கப் போயிருந்தார். நானும் கனகு அண்ணையும் கயிறுகளை அவிழ்த்து, கரையில் நடந்தபடியே படகை வெயிலுக்கு இழுத்துக் கட்டினோம். ஃபிரிட்ஜ் திரும்ப ஓடத் தொடங்கியது. "இனி அவவுக்கு வெக்கை, ஃபிரிட்ஜுக்குச் சுகம்" என்றார் அண்ணை.

இரண்டு பேரும் கரைப்புல்லில் இருந்தோம். ஒரு வருடமாக எனக்குள் கிடந்ததை அப்போது கேட்டுவிட்டேன். அக்காவின் பிடிவாதத்துக்காக நீங்கள் மெஷினையும் காவிக்கொண்டு இந்தப் பாடு படவேண்டுமா என்று. அவர் தெருவைக் காட்டினார். தூரத்தில் அக்கா ஐஸ்கட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில், தார்த் தெருவில், செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெற்றை இறுகக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். கால்வாய்க்கு வந்த நாள்முதல் படகில் சமைக்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை என்று அண்ணை சொன்னார். "அவவுக்குத் தண்ணியைக் கண்டால் இண்டைக்கும் நடுக்கம், தங்கச்சி. நீந்தத் தெரியாது. முதல் மாதம் படகு அசைஞ்சால் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் படுத்தவ."

கனகு அண்ணை ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் யன்னல் இல்லாத மண்டபத்தில் வேலைசெய்த மனிதர். லீவு நாட்களில் ஸ்காபரோ ஏரிக்கரைக்குப் போய்ப் படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாராம். வருத்தம் வந்து வேலையை விட்ட பிறகு ஒருநாள், இப்படி ஒன்றில் இருந்தால் நல்லாய் நித்திரை வரும் என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட அக்கா அடுத்த கிழமை மகளுக்குப் போன் எடுத்து, எனக்குப் படகு வேணும், பேஸ்மென்ற் வேண்டாம் என்று தொடங்கிவிட்டாராம். ஏன் அப்படி, உங்கள் ஆசை என்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அக்கா கிட்ட வந்துகொண்டிருந்தார். அண்ணை எழும்பி, பையை வாங்குவதற்குக் கையை நீட்டிக்கொண்டே, குரலைத் தணித்துச் சொன்னார்: "வருத்தக்காரன் கேட்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவினம், தங்கச்சி. ஆரணியின்ர அம்மா அடம்பிடிச்சால் ஒருத்தராலையும் ஒண்டும் செய்யேலாது."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: ஒரு படகுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம், அந்தப் படகு யாருக்கு வேண்டும் என்பதைத்தான் கடைசிவரை ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை.